நாகஸ்வரத்தில் தெளியும் விமானம்

ஆடி மாதம் தொடங்கி கார்த்திகை வரைக்கும், சீவலப்பேரியில் ஒரு மாடி வீட்டின் மேல் அறையில் உட்கார்ந்து வானத்தைக் கேட்பதே எனக்கு வேலையாக இருந்தது. பார்ப்பது என்று எழுதினால் தப்பு. அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதில் வயலும் ஆறும்தான் தெரியும். மொட்டை மாடியில் நாங்கள் நட்ட கம்பத்தில் ஐந்து ஆன்டெனாக்கள் இருந்தன. ஒன்று திருநெல்வேலி வானொலிக் கோபுரத்தின் பக்கம் திரும்பி நிற்கும். மற்ற நான்கும் யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் ஆகாயத்துக்குக் கைநீட்டி நிற்கும்.

கீழ்வீட்டு அக்கா முதல் நாளே வந்து கேட்டாள். "இது செல்போன் டவரா? இனி சிக்னல் நல்லா எடுக்குமா?"

"இது ஒண்ணையும் அனுப்பாதுக்கா. கேக்க மட்டுந்தான் செய்யும்."

"சும்மா கேட்டுக்கிட்டே இருக்கதுக்கா இத்தனை பேரு வந்திருக்கிய?"

அவள் கேட்டதுதான் உண்மை.

விமான நிலையங்களில் இருக்கிற ரேடார்கள் இரண்டு வகை. ஒரு வகை விமானத்தைப் பார்த்து, நீ யார், எவ்வளவு உயரத்தில் இருக்கிறாய் என்று கேட்கும். விமானத்திலிருக்கும் ஒரு கருவி பதில் சொல்லும். டிரான்ஸ்பாண்டர் என்பார்கள். அந்தக் கருவி பழுதானாலோ, யாராவது அணைத்துவிட்டாலோ விமானம் ஊமையாகிவிடும். இன்னொரு வகை ரேடார் பதிலை எதிர்பார்க்காது. தானே பலமாக ஓர் அலையை வீசி, அது விமானத்தில் முட்டித் திரும்புவதைப் பிடிக்கும். நம் பக்கத்தில் அதற்கு ஒரு தொல்லை உண்டு. கயத்தாறுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கண்ணுக்கு எட்டும் மட்டும் காற்றாலைகள். ஆடிக்காற்றில் அத்தனை இறக்கைகளும் சுற்றும்போது அந்த ரேடாருக்கு ஒவ்வொன்றும் ஒரு விமானமாகத் தெரியும்.

நாங்கள் சோதித்தது மூன்றாவது வழி. வானொலிக் கோபுரம் எப்படியும் நாள் முழுவதும் அலையைப் பரப்பிக்கொண்டிருக்கிறது. அந்த அலை மாட்டின் மேலும் படுகிறது, மலையின் மேலும் படுகிறது, போகிற விமானத்தின் மேலும் படுகிறது. நேரே வருகிற அலையையும் விமானத்தில் பட்டுத் தெறித்து வருகிற அலையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் விமானம் இருக்கும் இடம் தெரிந்துவிடும். நாங்கள் எதையும் அனுப்ப வேண்டாம், விமானமும் பதில் சொல்ல வேண்டாம். யாரோ யாருக்கோ போட்ட பாட்டு, வானத்தில் போகிறவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கணக்கில் இதெல்லாம் சுத்தமாக வந்தது. சீவலப்பேரியில் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. ஒலிபரப்பில் எத்தனை விதமான ஒலி கலந்து நிறைந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் எங்கள் திரையில் புள்ளி கூர்மையாக இருக்கும். தவில் ஒலித்தால் விமானம் குண்டூசி முனையாகத் தெரியும். யாராவது நிதானமாகப் பேசினால் புள்ளி பஞ்சு மாதிரி உப்பிவிடும். பேசுகிறவர் மூச்சு விட்டால் விமானம் மங்கிப் போகும். மறுபடி வாயைத் திறந்ததும் அது எங்கிருந்தோ வந்து நிற்கும்.

ஆகவே கணினிக்குப் பக்கத்தில் வானொலி நிகழ்ச்சி நிரலை ஒட்டிவைத்தோம். வேளாண் செய்தி, நூல் அறிமுகம், மருத்துவர் பேட்டி எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு. திரையிசைக்குப் பச்சை. மங்கல இசைக்கு இரட்டைப் பச்சை. விமானத்தைப் பிடிக்க வந்த எஞ்சினியர்கள் தினமும் காலையில், இன்றைக்கு யார் கச்சேரி என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவது உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அந்த நிரலிலேயே ஆகப் பெரிய சிவப்புக் கோடு முற்பகல் பதினோரு மணிக்கு இருந்தது. அது என் மனைவியின் நேரம்.

பதினாறு வருடமாக அவள் அந்த நிலையத்தின் அறிவிப்பாளர். பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டு வரை வீட்டிலும் வயலிலும் இருக்கிறவர்களோடு பேசுவாள். ஒரு கேள்வி கேட்பாள். பிறகு நிறுத்துவாள். சும்மா மூச்சு வாங்குகிற நிறுத்தம் இல்லை. எதிரே ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி, அந்த ஆள் சொல்லி முடிக்கட்டும் என்கிற மாதிரி நிறுத்துவாள். "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேட்டுவிட்டு மூன்று நான்கு விநாடி. "அப்படியா" என்று தொடர்வாள். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிற ஓர் அம்மா அவளுக்கு ஒரு தபால் அட்டை எழுதியிருந்தாள். நீங்கள் நிறுத்தும்போது நான் பதில் சொல்லுவேன், கையில் மாவு இருந்தாலும் சொல்லுவேன் என்று.

அந்த அட்டையை அவள் எனக்கு வாசித்துக் காட்டினபோது நான் சிரித்தேன். "அவங்க சொல்லுதது உனக்குக் கேக்கவா போவுது?"

"எனக்குக் கேக்கணும்னு யாரு சொன்னா?" என்றாள்.

அதைப் புத்திசாலித்தனமான பதில் என்று அப்போது எடுத்துக்கொண்டேன். அவள் சொன்னது வேறு. எனக்கு அது விளங்க மூன்று மாதம் ஆயிற்று.

இந்தச் சோதனையில் எனக்கு என்ன பணயம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்னால் ஆறு வருடம் நான் பெங்களூரில் இருந்தேன், அவள் பாளையங்கோட்டையில். மாதம் ஒரு முறை ரயிலேறி வருவேன். பையைப் பிரிப்பதற்குள் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும். வானொலியை விட்டுவிட்டு வா என்று நான் கேட்கவில்லை, வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று அவளும் கேட்கவில்லை. அப்படியிருக்கும்போது இந்தச் சோதனை எங்கள் ஊருக்கே வந்தது. தேறினால் கண்காணிப்பு நிலையமாக இங்கேயே அமைத்துவிடுவார்கள், நானும் அதோடு இருந்துவிடலாம். தேறாவிட்டால் கருவியோடு சேர்த்து என்னையும் மூட்டை கட்டி பெங்களூருக்கே அனுப்பிவிடுவார்கள்.

முடிவுச் சோதனைக்குக் கார்த்திகை மாதத்தைக் குறித்தார்கள். வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து ஒரு சிறிய பயிற்சி விமானம் டிரான்ஸ்பாண்டரை அணைத்துவிட்டுப் பறக்கும். விமானி விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையோடு பேசிக்கொண்டுதான் இருப்பார், பயப்பட ஒன்றுமில்லை. எங்களுக்கு மட்டும் அது ஊமை விமானம். தொடர்ந்து அரை மணி நேரம் அதன் தடத்தை அறுந்துபோகாமல் நாங்கள் பிடித்துக் காட்ட வேண்டும். பெரிய விமானங்கள் வராத இடைவெளியில்தான் அதற்கு அனுமதி கிடைக்கும். அந்த இடைவெளி பதினோரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவே.

என் மனைவியிடம் நான் கேட்டிருக்கலாம். ஒரு மாதம்தானே, அந்த நேரத்துக்குப் பாட்டாகப் போட்டுவிடேன் என்று அடுக்களையில் நின்றுகொண்டு சொல்லியிருக்கலாம். முடியாது என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். அதனால் நேரே அவளுடைய அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற மனிதர், எனக்கு நன்றாகப் பழக்கம். நான் கொடுத்த கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"பதினோரு மணிக்கு நாகஸ்வரம் நிக்காமப் போடணும். அதான?"

"ஆமா அண்ணாச்சி. ஒரே ஒரு மாசம்."

"அது உங்க வீட்டம்மா நேரம்லா வே?"

"தெரியும் அண்ணாச்சி."

"அவங்ககிட்ட சொல்லியாச்சா?"

"சொல்லிருதேன்."

சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வாரம் கழித்தேன். அவள் நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். தன் பெயருக்கு எதிரே மங்கல இசை என்று எழுதியிருப்பதையும், கீழே யாருடைய வேண்டுகோளின்படி என்பதையும்.

அன்று மத்தியானம் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்திருந்தாள், இஞ்சிப் பச்சடியும் இருந்தது. சண்டைக்கு உரிய சாப்பாடு இல்லை அது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா" என்றாள். நான் விளக்க ஆரம்பித்தேன். புள்ளி, தெறிப்பு, பச்சைக் கோடு. முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப நான் பேசாம இருந்தா விமானம் நல்லாத் தெரியும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் வீட்டிலும் பேசவில்லை.

கேட்டதற்குப் பதில் வரும், கேட்காததற்கு வராது. எனக்கும் கோபம் வந்தது. யாருக்காகச் செய்தேன்? இந்த வீட்டில் இருப்பதற்காகத்தானே செய்தேன்? இரண்டு நாள் நானும் முறைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு முடியவில்லை. அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்பதைக் குழாய்ச் சத்தத்திலும் பீரோக் கதவிலும் பக்கத்து வீட்டம்மாவோடு அவள் பேசிச் சிரிப்பதிலும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கென்று அவள் எதையும் அனுப்பவில்லை. மற்றவர்களுக்குப் போவதில் தெறித்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். செய்கிற தொழில் வீடு வரைக்கும் வந்துவிட்டது என்று நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

சீவலப்பேரியில் எல்லாம் அழகாகப் போயிற்று. பதினோரு மணிக்கு நாகஸ்வரம் தொடங்கும். ஒத்திகைக்குப் பறக்கும் அந்தப் பயிற்சி விமானம் திரையின் கிழக்கு ஓரத்தில் புள்ளியாக முளைக்கும். காற்றாலைகளின் மேல் வளைந்து, வயல்களைத் தாண்டி, எங்கள் தலைக்கு மேல் வந்து, மறுபடி கடல் பக்கம் போகும். ஜன்னலுக்கு வெளியே பிசானப் பருவத்து நெல் நடவு நடந்துகொண்டிருக்கும். வெயில் தண்ணீரில் பட்டு அறையின் கூரையில் ஆடும். கல்யாணி ராகம் நீளும், புள்ளி நகரும். சில சமயம் எனக்கு, நாகஸ்வரக்காரர்தான் அந்த விமானத்தை ஊதி ஊதி நகர்த்துகிறார் என்று தோன்றும். அரைத் தூக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும், ஆனாலும் விழித்துக்கொண்டுதான் இருப்பேன். இவ்வளவு நன்றாகத் தெரிகிறதே என்று சந்தோஷப்படும்போதே, இந்த நேரத்தில் அவள் நிலையத்தில் எங்கே உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பும் வரும்.

முடிவு நாள். சென்னையிலிருந்து எங்கள் குழுத் தலைவர் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வானம் துடைத்த மாதிரி இருந்தது. மேற்கே மலை மட்டும் கறுத்துக் கிடந்தது. அங்கே இரண்டு நாளாக விடாத மழை என்று பேசிக்கொண்டார்கள். புள்ளி வந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். தடம் ஒரே கோடாக நீண்டது. தலைவர் என் தோளில் தட்டினார்.

நாகஸ்வரம் பாதி மூச்சில் நின்றது. பிறகு அவள் குரல் வந்தது.

"வணக்கம். ஆத்தங்கரையில் இருக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. மலையில் மழை. அணையிலிருந்து தண்ணீர் கூடுதலாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். நான் ஊர்ப்பெயர் சொல்கிறேன். உங்கள் ஊர் வந்ததும், ஆற்றில் நிற்கிறவர்களைக் கூப்பிட்டுக் கரையேற்றுங்கள்."

அந்தப் பெயர்களை அவள் பையச் சொன்னாள். "பாபநாசம்." நிறுத்தம். "அம்பாசமுத்திரம்." நிறுத்தம். "கல்லிடைக்குறிச்சி." அங்கே கொஞ்சம் கூடுதலாக நிறுத்தினாள் என்று எனக்குப் பட்டது. ஒவ்வொரு பெயருக்கும் திரையில் விமானம் தெளிந்தது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் மங்கியது. சேரன்மகாதேவி என்றதும் ஒரு புள்ளி. பிறகு ஒன்றுமில்லை. சுத்தமல்லி என்றதும் கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி. ஆறு வருகிற வழியிலேயே அவள் வந்துகொண்டிருந்தாள், எங்களை நோக்கி.

"என்ன சார் இது, பாட்டு ஏன் நின்னுச்சு?" என்றார் தலைவர். "தடம் அறுந்துடும். உங்களுக்குத் தெரிஞ்ச ஸ்டேஷன்தானே? போன் பண்ணுங்க. பின்னாடி மியூசிக்காவது போடச் சொல்லுங்க. மியூசிக் மேல பேசட்டும்."

கெட்ட யோசனை என்று சொல்ல முடியாது. நானே கைபேசியை எடுத்து அதிகாரியின் எண்ணைத் தேடிவிட்டேன். அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அதே நேரம், "சீவலப்பேரி" என்றாள் அவள்.

ஜன்னலுக்கு வெளியே, வரப்பில் வைத்திருந்த ஒரு சின்ன ரேடியோவிலிருந்தும் அதே குரல் வந்தது. நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்தாள்.

"கேக்குதா?" என்றது ரேடியோ.

"கேக்குது தாயி" என்றாள் அவள், ரேடியோவைப் பார்த்து, சாதாரணமாக, எதிர்வீட்டுக்காரிக்குச் சொல்கிற மாதிரி.

"ஆத்துக்குள்ள யாரும் நிக்காங்களா?"

நிறுத்தம். நீண்ட அந்த நிறுத்தத்துக்குள் அந்தப் பெண் ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு பேரு துணி தொவைக்காங்க" என்றாள். நாற்று முடியை அப்படியே போட்டுவிட்டு வரப்பில் ஓடினாள். "ஏட்டி, மேட்டுக்கு வாங்கட்டி, தண்ணி வருதாம்" என்று அவள் கூப்பிட்டது எங்கள் மாடிக்குக் கேட்டது. இரண்டு பெண்கள் வாளியோடு கரையேறினார்கள். அப்போதுதான் ரேடியோ மறுபடி பேசியது.

"வந்துட்டாங்கள்ல? நல்லது."

நான் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பின்னணி இசை இருந்திருந்தால் அந்தப் பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அங்கே இடம் இருந்திருக்காது.

"அது என் வீட்டுக்காரி சார்" என்றேன். "நடுவுல பாட்டுப் போடச் சொல்ல மாட்டேன்."

தலைவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். தடம் அறுந்திருந்தது. வெளியே விமானத்தின் சத்தம் தெளிவாகக் கேட்டது. அது பத்திரமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் ஆறு பழுப்பாகி, துவைகல்லுக்கு மேலே போய்விட்டது.

வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். தப்புப் பண்ணிட்டேன், உன்னைக் கேட்காமல் உன் நேரத்தை எடுத்தேன், கேட்டால் தரமாட்டாய் என்று பயந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"நிக்காம நாகஸ்வரம் ஊதுனாத்தான் தெரியும்னா, அது என்ன கருவி?" என்றாள் கடைசியில். "நான் நிறுத்துத நேரத்துல இன்னொரு ஸ்டேஷன்காரன் பேசிக்கிட்டுத்தான இருப்பான். அவனையும் சேத்துக் கேளுங்க."

அது எங்களுக்குத் தெரியாதது இல்லை. நாலைந்து நிலையங்களைச் சேர்த்துக் கேட்கலாம் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அதற்குக் கருவியைப் பிரித்து மாற்றிச் செய்ய வேண்டும், மாதக்கணக்காகும். இருக்கிறதை வைத்துத் தேறிவிட்டால் போதும், ஊரிலேயே இருந்துவிடலாம் என்று நான்தான் அவசரப்பட்டேன். அறிக்கையில் அதை எழுதினேன். முந்தைய வாரங்களின் நல்ல முடிவுகள் எல்லாம், நாங்கள் கேட்டுக்கொண்டதால் ஒலிபரப்பான இசையில் கிடைத்தவை, அவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் எழுதினேன். அன்றைக்கே அனுப்பியும் விட்டேன்.

கருவி பெங்களூருக்குப் போயிற்று, அதோடு நானும் போனேன். அவளுக்குப் பதினோரு மணி திரும்பக் கிடைத்தது. ரயில் நிலையத்தில் அவள் என் பையைப் பார்த்து, "இதை அவுக்கவே வேண்டாம்போல, அப்படியே வச்சிருங்க" என்றாள். சிரிப்பதற்காகச் சொன்னது, இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

இப்போது நான்கு நிலையங்களைச் சேர்த்துக் கேட்கிற கருவியைச் செய்துகொண்டிருக்கிறோம். ஒருவர் மூச்சு விடும்போது இன்னொருவர் பேசுகிறார், புள்ளி ஓரளவு நிற்கிறது. மறுபடி திருநெல்வேலிக்கு எடுத்துப் போவார்களா என்று தெரியாது. போனால் பதினோரு மணிக்குத்தான் சோதிக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறேன்.

அவள் நிகழ்ச்சியைக் கைபேசியில் கேட்பேன். கோபுரத்திலிருந்து வருகிற அலை இவ்வளவு தூரம் எட்டாது, இணையத்தில் சுற்றி வந்து சேர்வதால் கொஞ்சம் பிந்தித்தான் கேட்கும். போன வாரம் ஒருநாள் முடிக்கும் நேரம், பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் இருக்கும். "எல்லாரும் காலையில சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினாள். ஆறு வருடமாக இந்த ஊரில் காலைச் சாப்பாட்டை விட்டுவிடுகிறவன் நான், அது அவளுக்குத் தெரியும். அறையில் நாலு பேர் இருந்தார்கள்.

"இன்னும் இல்ல" என்றேன் சத்தமாகவே. நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் இன்னும் பேசவில்லை. எப்போதும் விடுகிற இடைவெளியைவிட அது நீளம், எண்ணிப் பழகிய எனக்குத் தெரியும்.

"மணி பன்னெண்டாவுது" என்றாள் பிறகு. "போய்ச் சாப்பிடுங்க."